இரத்தம் எங்கே? 'டெக்சாஸ் செயின் சா' படத்தைப் பற்றிய சில தவறான நம்பிக்கைகள்

1974-இல் வெளியான 'தி டெக்சாஸ் செயின் சா மாசக்கர்' திகில் படத்தை எப்போதோ பார்த்தவர்களைக் கேளுங்கள். திரையெங்கும் இரத்தம் என்று சத்தியம் செய்வார்கள். மறுபடி போட்டுப் பார்த்தால் தெரியும், இரத்தம் மிகக் குறைவு. இறைச்சிக் கொக்கிக் காட்சியில் ஒரு பெண்ணைத் தூக்கி மாட்டுகிறான், மனிதத் தோல் முகமூடி அணிந்த கொலைகாரன் லெதர்ஃபேஸ். கொக்கி உடலில் இறங்குவதைக் கேமரா காட்டுவதே இல்லை. அதைப் பார்த்ததாக நம் மனம்தான் பொய்ச்சாட்சி சொல்கிறது.

சிறுவர்களும் பார்க்கத்தக்க தணிக்கைச் சான்றிதழ் கிடைக்கும் என்ற நப்பாசையில்தான் இயக்குநர் டோப் ஹூப்பர் இரத்தத்தைக் குறைத்தார். பலிக்கவில்லை. பிரிட்டிஷ் தணிக்கை வாரியமோ 1999-இல்தான் படத்துக்குச் சான்றிதழ் அளித்தது. பயங்கரம் ஒரு காட்சியில் இருந்தால் வெட்டிவிடலாம். படம் முழுக்க ஊறியிருந்தால் எதை வெட்டுவது?

உண்மைக் கதை என்று நம்புவதும் தவறு. விஸ்கான்சினில் 1957-இல் கைதான கொலைகாரன் எட் கீனிடமிருந்து மனிதத் தோல் முகமூடியைக் கடன் வாங்கினார்கள், அவ்வளவே. அவனிடம் செயின் சா என்ற சங்கிலி ரம்பமும் இல்லை, டெக்சாஸும் இல்லை. சம்பவம் நடந்த நாளென்று படத்தின் தொடக்கத்தில் வரும் 1973 ஆகஸ்ட் 18 என்ற தேதி, படப்பிடிப்பு நடந்த அதே கோடையைச் சேர்ந்தது!

பின்னால் வந்த திகில் பட இயக்குநர்கள் செய்த தவறு வேறு. பணம் இல்லை, படம் மங்கல், ஆகவே பயம் வரும் என்று கணக்குப் போட்டார்கள். 16 மி.மீ. பிலிமின் புள்ளிகள் உதவின, மறுக்கவில்லை. ஆனால் ஹூப்பர் பட்டப்பகலிலும் பயமுறுத்தினார். மெட்டு என்று சொல்லும்படி இசை இல்லாமல், உலோகம் உரசும் ஓசையை வைத்தார். அது பணத்தால் வருவதல்ல, பணமின்மையாலும் வருவதல்ல.

படப்பிடிப்பின் அவதியைக் கலையின் விலை என்று கொண்டாடுவோரும் உண்டு. சாப்பாட்டு மேசைக் காட்சியை ஒரு நாளுக்கும் மேல் இடைவிடாமல், டெக்சாஸ் வெயிலில் சன்னல்களை அடைத்து எடுத்தார்கள்; மேசையில் இருந்த இறைச்சி அழுகி நாறியது. நாயகி மெரிலின் பர்ன்ஸின் விரலை நிஜமாகவே கீறினார்கள். அதை என்னால் பாராட்ட முடியவில்லை.

ஏனென்றால் படத்தின் மிகக் கொடூரமான கணத்துக்கு அந்த வதை எதுவும் தேவைப்படவில்லை. முதல் கொலையில் ஒரு சுத்தியல் அடி, துடிக்கும் கால்கள், பிறகு இரும்புக் கதவு அறைந்து மூடும் சத்தம். கேமரா கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது.