ஜேஎல்பிடி என்5: நேரத்துக்குள் தேர்வை முடிப்பது எப்படி?

ஜப்பானிய மொழித் தேர்வான ஜேஎல்பிடியில் முதல் படி என்5. சொற்களுக்கு 20 நிமிடம், இலக்கணமும் வாசிப்பும் சேர்ந்த தாளுக்கு 40 நிமிடம், கேட்டலுக்கு 30 நிமிடம். ஒரு தாளைத் திருப்பி வாங்கிவிட்டால் மறுபடி கையில் கிடைக்காது. பெரும்பாலும் ஆளைக் கவிழ்ப்பது நடுத்தாள்தான். இலக்கணம் முன்னால் இருக்கும், வாசிப்பு பின்னால். முன்பக்கத்திலேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், பின்னால் கிடக்கும் எளிய கேள்விகளைப் பார்க்காமலே மணி அடித்துவிடும்.

படி 1: இலக்கணத்துக்கு 15 நிமிடம், வாசிப்புக்கு 20, மீதி 5 சரிபார்க்க. சத்தம் போடாத சாதாரணக் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போங்கள். ஸ்மார்ட் வாட்ச் ஆகாது.

படி 2: விடைத்தாளின் வட்டங்களைக் கடைசியில் மொத்தமாகக் கருப்பாக்கலாம் என்று விட்டுவைக்காதீர்கள்; அதற்கென்று தனி நேரம் கிடையாது. விடை தெரியவில்லையா? ஏதாவது ஒன்றை நிரப்பி, கேள்வித்தாளில் அந்த எண்ணைச் சுழித்துவிட்டு நகருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. காலியாக விட்டால், அடுத்த விடை இந்த வரிசையில் ஏறி, அப்புறம் எல்லாமே ஒன்று தள்ளிப் போய்விடும்.

படி 3: நட்சத்திரக் கேள்வி. நான்கு துண்டுகளை வரிசையாக்கி, நட்சத்திரமிட்ட இடத்தில் எது வரும் என்று சொல்ல வேண்டும். உதாரணமாக 'குருமா', 'நோ', 'கொரே வா', 'தொமொதாச்சி'. கடைசியில், வாக்கியத்தை முடிக்கும் சொல்லான 'தெசு' அச்சாகியிருக்கிறது. நட்சத்திரம் மூன்றாம் இடத்தில். தமிழில் அடுக்கிப் பாருங்கள்: இது, நண்பன், உடைய, கார். அதே வரிசைதான் ஜப்பானியத்திலும்: கொரே வா, தொமொதாச்சி, நோ, குருமா. விடை 'நோ'. ஆங்கில வரிசையில் யோசிப்பவர்தான் இங்கே திண்டாடுவார்; நமக்கு இது லாபம். துண்டுகளின் எண்களைத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள், மனக்கணக்கு வேண்டாம். ஒரு நிமிடத்தில் பிடிபடவில்லை என்றால் படி 2-ஐச் செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

படி 4: வாசிப்பில் கேள்வியை முதலில் படியுங்கள். கடைசியில் ஓர் அறிவிப்போ கால அட்டவணையோ வரும். அதை முழுக்கப் படிக்கத் தேவையில்லை. கேட்ட கிழமை, நேரம், விலையை மட்டும் தேடினால் போதும். இதை முதலிலேயே முடித்துவிட்டு மற்ற பத்திகளுக்குப் போவது என் வழக்கம்.

படி 5: கேட்டலில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். போன கேள்வியை நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்ததும் போய்விடும். சட்டென்று ஒன்றைக் குறித்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தேர்ச்சிக்கு மொத்தம் 180-க்கு 80 வேண்டும். ஆனால் கேட்டலில் 60-க்கு 19, மற்ற இரண்டு தாளும் சேர்த்து 120-க்கு 38, இதில் ஒன்று வராவிட்டாலும், மொத்தம் எவ்வளவு எடுத்தாலும் தேர்ச்சி கிடையாது. தேர்வின் அதிகாரபூர்வ இணையதளத்தில் மாதிரித் தாள்கள் ஒலிப்பதிவோடு இலவசமாகக் கிடைக்கின்றன. இடையில் நிறுத்தாமல் ஓடவிட்டுப் பழகுங்கள்.