சளி பிடித்தால் தும்பை: பறிப்பதும் பக்குவமும்

மழை விட்டதும் மானாவாரிக் காட்டிலும் வரப்போரத்திலும் யாரும் விதைக்காமலே தும்பை முளைத்து நிற்கும். சளிக்கு இதைவிடக் கைக்கு எட்டின செடி எனக்குத் தெரியவில்லை.

முதலில் செடியைச் சரியாகப் பாருங்கள். தண்டு நாலு பட்டையாக இருக்கும், கணுவுக்குக் கணு பச்சை உருண்டை, அதைச் சுற்றி வெள்ளைப் பூ. பூவை உருவி அடியை உறிஞ்சினால் துளி தேன் இனிக்கும். பூ தலைகுனிந்து லேசான நீலமாக இருந்தால் அது கவிழ்தும்பை. பெயரில் தும்பை இருந்தாலும் வேறு குடும்பத்துச் செடி, அதைத் தொடவேண்டாம். சாலையோரம், மருந்தடித்த வயல் இரண்டிலும் பறிக்காதீர்கள்.

வேது (ஆவி) பிடிக்க இரண்டு மூன்று செடியை வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, மஞ்சள்தூள் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். பாத்திரத்தை இறக்கித் தரையில் வைத்துவிட்டுத்தான் போர்வையை மூட வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்கு இது வேண்டவே வேண்டாம், வெந்நீர் கவிழ்ந்தால் சளியைவிடப் பெரிய வேதனை.

அடிக்கடி தலைபாரம், மூக்கடைப்பு வருகிறவர்களுக்குத் தும்பைப்பூ எண்ணெய் காய்ச்சுவார்கள். ஒரு கைப்பிடி பூ சேர்க்கவே அரைமணி நேரம் ஆகும், பொறுமையாகப் பச்சைப் பகுதி வராமல் வெள்ளையை மட்டும் உருவுங்கள். கொஞ்ச நேரம் நிழலில் உலர்த்தி, ஈரம் போனபிறகு 100 மில்லி நல்லெண்ணெயில் போட்டுச் சிறுதீயில் வையுங்கள். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும். சடசடப்பு அடங்கி, பூ நிறம் மாறியதும் இறக்கி வடிகட்டி, ஆறினபிறகு உச்சியில் தேய்த்து அரைமணி நேரம் கழித்து வெந்நீரில் தலைமுழுகுங்கள். காய்ச்சல் இருக்கும்போது மட்டும் எண்ணெய் வைக்காதீர்கள். சாற்றை மூக்கில் விடுகிற பழக்கமும் சில ஊர்களில் உண்டு, வீட்டில் அதை நீங்களாகச் செய்யவேண்டாம். மூச்சிரைப்பு இருந்தாலோ சளி வாரக்கணக்கில் விடாமல் இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். பாம்பு கடித்தால் தும்பைச் சாறு கொடுத்தால் போதும் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். இலையைத் தேடிப் போகிற அந்த நேரத்தில்தான் உயிர் போகிறது. பாம்போ தேளோ, 108ஐக் கூப்பிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள், பாம்புக்கடிக்கு விஷமுறிவு ஊசி அங்கே இருக்கிறது.

அப்புறம், காய்ந்த செடியை வீணாக்காமல் சாயங்காலம் வேப்பிலையோடு புகை போடலாம், கொசு விலகும். போடுவதற்கு முன்னால் அந்தக் காய்ந்த உருண்டைகளை வேலியோரம் உதறிவிட்டு வாருங்கள், அடுத்த மழைக்கு அங்கேயே முளைக்கும்.