பள்ளிக்கூட ரோட்டில் சைக்கிள் பாதுகாப்பாகப் போக: இடம் தேர்வதிலிருந்து வேலை முடியும்வரை

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் தருகிறது. அதற்கும் முன்னால், 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பக்கபலமாக நின்றார். சைக்கிளை மக்கள் கையில் சேர்க்கும் வேலையை நாம் நன்றாகவே செய்திருக்கிறோம். அந்தச் சைக்கிள் போகிற ரோட்டைத்தான் யாரும் அதே அக்கறையோடு பார்க்கவில்லை.

எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் சாலையில் மூன்று சின்ன வேலைகளைச் செய்ய வைத்த பிறகு இதை எழுதுகிறேன். மனுவில் அனுப்புநர், பெறுநர் எங்கே போடுவது என்பதெல்லாம் பள்ளியிலேயே படித்ததுதான், அதற்குள் போகவில்லை.

படி 1: ஒரே ஓர் இடம்

"ஊர் முழுக்க சைக்கிள் பாதை வேண்டும்" என்று கேட்காதீர்கள். அந்த மனுவை வாங்கிக்கொள்வார்கள், கோப்பில் போடுவார்கள், அவ்வளவுதான். ஒரு பொறியாளர் தன் அதிகாரத்துக்குள், தன் பராமரிப்புப் பணத்துக்குள் செய்யக்கூடிய ஒன்றைக் கேட்க வேண்டும். ஒரு திருப்பம், ஒரு பள்ளி வாசல், ஒரு பாலத்தின் இறக்கம். எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால் பிள்ளைகளிடம் கேளுங்கள். "எந்த இடத்துல இறங்கித் தள்ளிக்கிட்டுப் போறீங்க?" என்ற ஒரு கேள்வி போதும். பிள்ளைகள் இறங்கித் தள்ளும் இடம்தான் உங்கள் இடம்.

படி 2: அந்த ரோடு யாருடையது

பெரும்பாலான மனுக்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பார்க்க ஒரே ரோடாக இருக்கும். ஆனால் தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, நகராட்சி அல்லது பேரூராட்சிச் சாலை, ஊராட்சி ஒன்றியச் சாலை, ஊராட்சிச் சாலை என்று ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலகம். எங்கள் மனு ஓர் அலுவலகத்திலிருந்து "இது எங்கள் எல்லையில் வராது" என்று திரும்பி வந்தது. எந்த எல்லையில் வரும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

முதல் துப்பு மைல் கல். தலைப்பகுதி மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. கறுப்போ நீலமோ இருந்தால் பெரும்பாலும் மாவட்டச் சாலை. இதை மட்டும் நம்பி மனு எழுத வேண்டாம். புறவழிச்சாலை வந்த ஊர்களில் ஊருக்குள் போகும் பழைய சாலை கைமாறியிருக்கும், கல் மட்டும் பழைய வண்ணத்திலேயே நிற்கும்.

உறுதியான வழி, தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டிவிடலாம். இதில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. சாதாரண மனு தவறான அலுவலகத்துக்குப் போனால் அங்கேயே தூங்கும். தகவல் உரிமை மனு அப்படித் தூங்க முடியாது. சட்டத்தின் 6(3) பிரிவின்படி, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்பி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அந்த மாற்றல் கடிதம் கைக்கு வந்ததும் ரோட்டுக்காரர் யார் என்பது எழுத்திலேயே கிடைத்துவிடும். நாங்கள் கேட்டவை இவைதான், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"(ஊர்) மேல்நிலைப் பள்ளி முன்புள்ள சாலையைப் பராமரிக்கும் அலுவலகம் எது? கடைசியாக எந்தத் தேதியில் தார் போடப்பட்டது? அந்தப் பணியில் ஒப்பந்ததாரரின் பழுதுநீக்கும் பொறுப்புக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது? கடந்த மூன்று ஆண்டுகளில் இப்பகுதியில் சாலைப் பாதுகாப்புக்காகச் செய்த பணிகள் எவை?"

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பொறுப்புக் காலம் முடியவில்லை என்றால் அரசுப் பணம் ஒரு ரூபாய்கூட இல்லாமல் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டியிருக்கும். "நிதி இல்லை" என்ற பதிலுக்கு அங்கே இடமே கிடையாது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

இன்னொன்று: தார் ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும், அதன் மேல் எரியும் தெருவிளக்கு உள்ளாட்சியுடையதாக இருக்கும். வடிகாலும் பல ஊர்களில் அப்படித்தான். ஒரே இடத்துக்கு இரண்டு மனு தேவைப்பட்டால் இரண்டாகவே எழுதுங்கள். ஒன்றில் கலந்து எழுதினால் இருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள்.

படி 3: எண்ணுங்கள்

பள்ளி விடும் நேரத்தில் ஒரு மணி நேரம், ஓரமாக உட்கார்ந்து எண்ண வேண்டும். சைக்கிள், அதில் சீருடையில் எத்தனை, பெண் பிள்ளைகள் எத்தனை, லாரி, பேருந்து. இதற்குச் செயலிகள் இருக்கின்றன. என் பரிந்துரை பழைய கோடு போட்ட நோட்டும் பேனாவும்தான். ஐந்து ஐந்தாகக் கோடு கிழித்த அந்தத் தாளை நகலெடுத்து மனுவோடு இணைத்தால், அதைக் கையில் வாங்கும் பொறியாளர் நின்று பார்க்கிறார். அச்சடித்த வரைபடத்துக்கு அந்த மதிப்பு கிடைப்பதில்லை.

படத்துக்கு மட்டும் ஜிபிஎஸ் மேப் கேமரா மாதிரி, இடமும் தேதியும் படத்திலேயே பதியும் செயலி வேண்டும். பிள்ளைகளின் முகம் தெரியாமல் எடுங்கள். பள்ளத்தை எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள்.

படி 4: என்ன கேட்பது

வேகத்தடை. "வேகத்தடை வேண்டும்" என்று மட்டும் எழுதினால், ஓர் அடி அகலத்தில் செங்குத்தாக ஒரு மேட்டைக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கார் அதில் குலுங்கிவிட்டுப் போகும், பின்னால் புத்தகப் பை கட்டிய சைக்கிள் சாயும். சாலைகளுக்குத் தர அளவு வகுக்கும் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸ் 1988ல் வெளியிட்ட ஐஆர்சி 99 நெறிமுறை, வளைந்த வேகத்தடைக்கு அளவு சொன்னது: வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். வண்டிகள் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும்படி அமைந்தது அது. இந்த அளவை மனுவில் எழுதுங்கள். வெள்ளைக் கோடும் எச்சரிக்கைப் பலகையும் சேர்த்துக் கேளுங்கள்.

வேகத்தைக் குறைப்பதிலேயே நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சராசரி வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டர் கூடினாலே உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலைக்கவசம் நல்லதுதான். ஆனால் பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் மாட்டிவிட்டு, லாரி வேகத்தை அப்படியே விடுவதைப் பாதுகாப்பு என்று என்னால் ஏற்க முடியாது.

ஓரப் பள்ளம். தார் மேல் தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துவிடுகிறது, ஓர மண் கீழேயே இருக்கிறது. பின்னால் பேருந்து ஹாரன் அடித்ததும் பிள்ளை மண்ணில் இறங்குகிறது. மறுபடி ஏறும்போது முன்சக்கரம் தார் விளிம்பில் உரசி, ரோட்டுப் பக்கமாகவே விழுகிறது. நான் பார்த்தவரை இதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது, கேட்டு வாங்கவும் எளிதானது. ஓரத்தில் மண் நிரப்பிச் சமன்செய்வது வழக்கமான பராமரிப்பு வேலை, தனித் திட்டம் தேவையில்லை. புதிதாகத் தார் போடப் போகிறார்கள் என்றால் பழைய மேற்பரப்பைச் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டிருக்கிறார். அதை நினைவுபடுத்துங்கள்.

வடிகால் மூடி. கம்பிகள் ரோடு போகும் திசையிலேயே இருந்தால் சைக்கிள் சக்கரம் இடையில் இறங்கிவிடும். கம்பிகளைக் குறுக்காக வைக்கச் சொல்லுங்கள்.

படி 5: யார் பெயரில், எங்கே

தனி ஆள் மனுவைவிடத் தீர்மானத்துக்கு வலு அதிகம். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட வையுங்கள். பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை, ஆகவே இது நடக்கக்கூடியதே. கிராமம் என்றால் கிராம சபையில் எழுப்பலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லோருக்கும் தெரியும். மார்ச் 22, நவம்பர் 1 கூட்டங்களும் உண்டு. தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் மனுவை நெடுஞ்சாலைத் துறை உதவிக் கோட்டப் பொறியாளருக்கு (அல்லது உங்கள் சாலைக்கு உரியவருக்கு) நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு நகலைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். மேலே தெளிவாக எழுத வேண்டியது: "மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் வைக்கக் கோருகிறோம்."

இந்த ஒரு வரிதான் எங்கள் மனுவை நகர்த்தியது. ஆட்சியர் தலைமையில் நெடுஞ்சாலை, காவல், போக்குவரத்து என மூன்று துறையும் ஒரே மேசையில் உட்காரும் இடம் அது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரன் 2012ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில், ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்தக் குழு இருக்க வேண்டும் என்று 2017ல் உத்தரவானது. அடிபட்டு வந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்த ஒருவர், அடிபடாமல் தடுக்க வழக்குப் போட்டார். அந்த உத்தரவை நாம் பயன்படுத்தாமல் விடக்கூடாது.

சாலை வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ தரத்தை மீறி, அதனால் உயிர்ச்சேதமோ ஊனமோ ஏற்பட்டால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டம் 198ஏ பிரிவு சொல்கிறது. 2019 திருத்தத்தில் வந்தது. இதை முதல் மனுவிலேயே எழுத வேண்டாம் என்பது என் கருத்து. உதவ நினைக்கும் பொறியாளரும் அதைப் பார்த்ததும் சட்டப் பாஷையில் பதில் எழுத ஆரம்பித்துவிடுவார். நினைவூட்டல் மனுவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: வேலை நடக்கும் அன்று அங்கே இருங்கள்

வேகத்தடை போடும்போது அளவுநாடாவோடு போய் நில்லுங்கள். சண்டைக்கு அல்ல. மேஸ்திரிக்கு வரைபடம் வந்துசேராமல் போவது சாதாரணம். 3.7 மீட்டரைச் சுண்ணாம்பில் கோடு போட்டுக் காட்டினால் அவர்கள் அதன்படியே போடுகிறார்கள். எங்கள் ஊரில் தேநீரும் வாங்கிக் கொடுத்தோம்.

பின்சேர்க்கை 1: "எங்கள் பள்ளி தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது, வேகத்தடையை மறுத்துவிட்டார்கள்" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஆமாம், தேசிய நெடுஞ்சாலைகளில் இருக்கும் வேகத்தடைகளையே அகற்றச் சொல்லி 2016ல் மத்திய அமைச்சகம் உத்தரவிட்டது. அங்கே நெடுஞ்சாலையில் வந்து சேரும் கிளைச் சாலையில் வேகத்தடை, பள்ளி விடும் நேரத்தில் தடுப்புகளோடு போக்குவரத்துக் காவலர், கடக்கும் கோடு, விளக்கு ஆகியவற்றைக் கேளுங்கள். காவலருக்கான மனு காவல் நிலையத்துக்குத் தனியாக.

பின்சேர்க்கை 2: சென்னை வாசகர்களுக்கு. மாநகராட்சியில் பேருந்து போகும் சாலைகளைத் தனித் துறை பார்க்கிறது, உட்புறத் தெருக்களை மண்டல அலுவலகம் பார்க்கிறது. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை மாநகராட்சி 2014லேயே ஏற்றிருக்கிறது. மனுவின் முதல் பத்தியிலேயே அதைக் குறிப்பிடுங்கள்.

பின்சேர்க்கை 3: முத்திரை போட மறுத்தால் என்ன செய்வது என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். வாக்குவாதம் வேண்டாம். ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். 1100 எண்ணில் முதல்வர் உதவி மையத்திலும் பதிந்து, மனு எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தால், இடத்துக்குப் போய்ப் பார்த்த பிறகே நம்புங்கள். வேலை நடக்காமலே மூடியிருந்தால் அன்றைய தேதியோடு ஒரு படம் எடுத்து, பழைய எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி பதியுங்கள்.