தைராய்டு மாத்திரையோடு கேஸ் மாத்திரையும் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

காட்பாடியில் உள்ள என் சித்தியிடம் இரண்டு மருத்துவர்கள் தந்த இரண்டு சீட்டுகள் இருந்தன. ஒன்றில் தைராய்டுக்கு லெவோதைராக்சின், மற்றொன்றில் நெஞ்செரிச்சலுக்குப் பான்டோபிரசோல்; இரண்டிலும் ‘காலை, வெறும் வயிற்றில்’ என்றே எழுதியிருந்ததால், அவர் இரண்டையும் ஒரே மடக்கு நீரில் விழுங்கிவந்தார். ஒரு நாளும் தவறாமல் மாத்திரை எடுத்தும் அவருடைய டி.எஸ்.எச். (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இரத்தத்தில் உயரும் ஹார்மோன்) அளவு கூடிக்கொண்டே போனது.

லெவோதைராக்சின் மாத்திரை நன்கு கரைவதற்கு இரைப்பையில் அமிலம் வேண்டும். கரைந்த பிறகுதான் சிறுகுடல் அதை உறிஞ்சும். பான்டோபிரசோல், ஒமிப்ரசோல், ரேபிப்ரசோல் ஆகியவை அமிலச் சுரப்பையே நாள் முழுதும் குறைத்துவிடுவதால், நேரம் தள்ளி எடுத்தாலும் இந்தக் குறை முழுமையாக நீங்காது. ஜெலுசில், டைஜீன் போன்றவற்றின் கதை வேறு. அவற்றிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் மருந்தைப் பிடித்துக்கொள்வதால்தான் அது உடலில் சேராமல் போகிறது. ஆகவே 4 மணி நேர இடைவெளி விட வேண்டும். சுக்ரால்பேட், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதே இடைவெளிதான்.

காலை 5:30-க்கு எழுந்ததும் தைராய்டு மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்குங்கள். 6 மணிக்குப் பான்டோபிரசோல், 6:30-க்கு மேல் காபியோ கேழ்வரகுக் கூழோ இட்லியோ எடுக்கலாம். காபிக்காக ஒரு மணி நேரம் காத்திருப்பது பலருக்கும் கடினம் என்பதை அறிவேன். ஆனாலும் காபியும் இம்மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். முந்தைய இரவு ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டு, 10 மணிக்கு ஜெலுசில் குடித்திருந்தாலும், காலை மாத்திரைக்குப் பாதகமில்லை. மருத்துவர் சொல்லித் தைராய்டு மாத்திரையை இரவில் எடுப்பவர்கள், கடைசி உணவுக்குப் பின் 3 மணி நேரம் விட்டு எடுக்க வேண்டும். அவர்கள் அந்த வேளையில் ஜெலுசில் குடிக்கவே கூடாது.

இந்த மருந்தின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாள் ஆகும் என்பதால், மாற்றத்தின் விளைவு மெதுவாகவே தெரியும். எனவே கேஸ் மாத்திரையைத் தொடர்ந்து எடுக்கத் தொடங்கினால், 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பிணிகள் அவ்வளவு நாள் காத்திராமல், உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

கேஸ் மாத்திரையை நிறுத்தும்போதும் அதே பரிசோதனை தேவை; இதைத்தான் பெரும்பாலோர் மறக்கிறார்கள். அமிலம் திரும்பியதும் மருந்து கூடுதலாக உறிஞ்சப்படுவதால், இடையில் டோஸ் உயர்த்தப்பட்டிருந்தால் படபடப்பும் கைநடுக்கமும் வரலாம். அப்போது மாத்திரையை நீங்களாகவே பாதியாக உடைக்காமல், இரண்டு சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு தைராய்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.