கீழே கடை, மேலே வீடு: கட்டடம் வாங்கியதும் முதலில் மீட்டரைப் பாருங்கள்

கடையும் வீடும் சேர்ந்த கட்டடத்தைப் புதிதாக வாங்கியிருந்தால், பெயின்ட் அடிப்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் வாரத்திலேயே ஒவ்வொரு மீட்டரும் எந்தப் பகுதிக்குப் போகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு ஃபியூஸை மட்டும் அணைத்து, எங்கே விளக்கு அணைகிறது என்று நேரில் பார்த்து எழுதி வையுங்கள் (வாடகைதாரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு). ஒரு கடையின் ஃபிரிட்ஜ் பொது மீட்டரில் ஓடிக்கொண்டிருப்பது, அதாவது அந்தப் பணத்தை நீங்கள் கட்டுவது, இப்படித்தான் தெரியவரும்.

தண்ணீருக்கும் ஒரு சோதனை உண்டு. எல்லோரும் தூங்கப் போனபின் மீட்டர் அளவைக் குறித்துக்கொண்டு, விடியற்காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடி பாருங்கள், எண் நிறையவே நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. நொடிக்கு ஒரு சொட்டு என்றாலே ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, சுமார் 20 லிட்டர்!

பராமரிப்புச் செலவை எல்லோருக்கும் சமமாகப் பிரிக்காதீர்கள். லிஃப்டையே தொடாத தரைத்தளக் கடைக்காரரிடம் லிஃப்ட் செலவைக் கேட்பது நியாயமில்லை, அதேபோல உணவகத்தின் எண்ணெய்க் கழிவு அடைத்த குழாயைச் சரிசெய்யும் செலவு மாடி வீட்டுக்காரர்களின் தலையில் விழக்கூடாது. உணவகம் இருந்தால் எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி கட்டாயம் வேண்டும், அதை யார், எப்போது சுத்தம் செய்வது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

பழைய உரிமையாளரிடம் யார் யார் எவ்வளவு முன்பணம் கொடுத்திருக்கிறார்கள் என்ற கணக்கையும் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். காலி செய்யும்போது அவர்கள் உங்களிடம்தான் கேட்பார்கள்.