மேலதிகாரி ஊழல்: புகார் கொடுக்கும்போது நாம் எங்கே கோட்டை விடுகிறோம்?

சான்றிதழுக்குப் பணம் கேட்ட ஊழியர் மாட்டினால் மறுநாள் பேப்பரில் படம் வருகிறது. ரசாயனம் தடவிய நோட்டு, கரைசலில் கையை நனைத்ததும் இளஞ்சிவப்பு நிறம். அதையே பார்த்துப் பழகிவிட்டதால் மேல்மட்ட ஊழலையும் அதே மாதிரி தேடுகிறோம். முதல் தவறு இதுதான். கோடிக்கணக்கான வேலைக்குக் கையெழுத்துப் போடுபவர் கவரை நேரில் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. நடுவில் ஆள் இருப்பார். டெண்டர் நிபந்தனை ஒரே ஒரு காண்ட்ராக்டருக்குப் பொருந்தும்படி எழுதப்பட்டிருக்கும். சொத்து உறவினர் பேரில் போயிருக்கும். தடயம் கிடப்பது கோப்பில்தான்.

ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நம் ஊர்களில் அடிக்கடி எழும் கோரிக்கை தூண்டில் வளைவு, அதாவது கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தடுப்பு. அதில் கடலுக்குள் போன கல்லை அப்புறம் யாரும் எண்ண முடியாது. எஸ்டிமேட்டில் இத்தனை டன் என்று இருக்கும், அளவுப் புத்தகத்தில் அத்தனையும் கொட்டியதாகப் பதிவாகிவிடும், பில்லும் பாஸாகிவிடும். அடுத்த புயலில் கல் சரிந்த பிறகு மனு எழுதிப் பயன் என்ன? லாரி வந்துபோகும்போதே கேட்க வேண்டும்: எஸ்டிமேட் நகல், எடைச்சீட்டு, அளவுப் புத்தகப் பக்கங்கள். 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் ஆவண நகலோடு நிற்கவில்லை. நடக்கும் பணியை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரியை எடுக்கவும்கூட உரிமை தருகிறது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். இந்த ஒரு வசதியை நம் மீனவர் சங்கங்கள் பயன்படுத்த ஆரம்பித்தாலே பெரிய மாற்றம் வரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் மனுவில் "ஏன் தரமில்லாமல் கட்டினீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது. அந்தச் சட்டத்தில் கிடைப்பது ஆவணம், விளக்கம் இல்லை. மறுத்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பலர் இந்த இடத்தில் சோர்ந்துவிடுகிறார்கள், மறைப்பவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

அடுத்தது, பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே சொல்லாமல் இருப்பது. இறால் பண்ணை அனுமதியோ, கட்டிட அனுமதியோ, "வேலை முடிந்தால் சரி" என்று கொடுத்துவிடுகிறோம். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு லஞ்சம் கொடுப்பதும் 7 ஆண்டு வரை சிறை தரும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்திருந்தால் 7 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும், அப்போதுதான் பாதுகாப்பு. கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போவது இன்னும் நல்லது. அவர்கள் பொறி வைத்துக் கையும் களவுமாகப் பிடிக்க அரசின் முன் அனுமதி தேவையில்லை.

டெண்டர், ஒப்புதல் போன்ற அலுவல் முடிவுகளை விசாரிக்க மட்டும் அதே ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17ஏ பிரிவின்படி அரசு அனுமதி வேண்டும். 3 மாதத்தில் முடிவெடுக்க வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் ஒரு மாதம். "பல கோடி சுருட்டினார்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிய மனு அந்தக் கட்டத்தைத் தாண்டுவது கஷ்டம். எந்த வேலை, எந்தத் தேதி, எந்த விதி மீறல் என்று எழுதுங்கள். உதாரணமாக, டெண்டர் அவகாசத்தைக் குறைத்திருந்தால் அதற்குக் காரணம் பதிவாகியிருக்க வேண்டும். அந்தத் தாளைக் கேளுங்கள்.

இதையெல்லாம் செய்யும் முன் வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். சம்பந்தப்பட்டவர்தான் முதலில் உஷாராவார்.

மொட்டைக் கடிதமும் வேண்டாம், பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும். பயம் நியாயமானதுதான். நெடுஞ்சாலைத் திட்ட முறைகேட்டைச் சொன்ன பொறியாளர் சத்யேந்திர துபே 2003-இல் கொல்லப்பட்டார். அதன் பிறகுதான், 2004-இல், பெயரை ரகசியமாக வைத்துப் புகார் வாங்கும் பொறுப்பு மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்குத் தரப்பட்டது. சுங்கம், ரயில்வே போன்ற மத்திய அரசு ஊழியர்கள் மீதான புகாருக்கு இந்த வழி உண்டு. பெயர் உறைக்கு உள்ளே மட்டும் இருக்க வேண்டும். மாநில அதிகாரி என்றால் லஞ்ச ஒழிப்புத் துறை, இல்லையென்றால் 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த லோக் ஆயுக்தா.

அப்புறம், அதிகாரி மாற்றலாகிப் போனதும் "போய்த் தொலைந்தார்" என்று விட்டுவிடுகிறோம். அவர் கையெழுத்துப் போட்ட கோப்பு இங்கேதான் இருக்கிறது. அவர் ஐஏஎஸ் அதிகாரி என்றால், ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய அசையாச் சொத்து விவரம் மத்திய பணியாளர் துறையின் இணையதளத்தில் கிடைக்கும். அவர் இங்கே வந்த ஆண்டின் கணக்கையும் கிளம்பிய ஆண்டின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.