காலாண்டு லீவில் ஆங்கிலத் திருப்புதல்: சந்தைப் பை போதும்

மூன்றாவது, நாலாவது படிக்கும் பிள்ளைகளுக்கு லீவில் ஆங்கிலத்தைத் திருப்பிப் பார்க்கக் கைடு தேவையில்லை. வாரச்சந்தையிலிருந்து வந்த பையைத் திண்ணையில் கொட்டுங்கள்.

முதலில் பெயர். ஒவ்வொன்றாக எடுத்து, "இதென்ன கண்ணு?" என்று கேளுங்கள். ஆனியன், டொமேட்டோ, எக், கோகனட். தெரியாததை மட்டும் ஒதுக்கி வையுங்கள். நாளைக்கு அதிலிருந்து ஆரம்பித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். தெரிந்ததையே பத்து முறை எழுத வைப்பது வீண் வேலை.

அடுத்து எ, அன். 'ஏ, ஈ, ஐ, ஓ, யூ வந்தால் அன்' என்று உருப்போட்ட பிள்ளை 'அன் யூனிஃபார்ம்' என்றுதான் எழுதும். பார்க்க வேண்டியது எழுத்தை அல்ல, ஒலியை. இதற்கு நம் பிள்ளைகள் கையிலேயே ஒரு வழி இருக்கிறது. சொல்லைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதச் சொல்லுங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் அன், உயிர்மெய்யில் தொடங்கினால் எ. அம்பிரல்லாவுக்கு முதலில் அ, எனவே அன் அம்பிரல்லா. யூனிஃபார்முக்கு முதலில் யூ, எனவே எ யூனிஃபார்ம். மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லில் முதலெழுத்து ஹெச்தான், ஆனால் அது ஒலிக்காது. 'அவர்' என்றுதான் கேட்கும். ஆகவே அன் அவர். எக்கை 'யெக்' என்று சொல்லும் பழக்கம் நம் பக்கம் நிறைய உண்டு. அதை முதலில் திருத்திவிடுங்கள், இல்லாவிட்டால் இந்த வழி காலை வாரிவிடும்.

அப்புறம் பன்மை. 'பத்துத் தேங்காய்' என்கிறோம், 'கள்' போடுவதில்லை. அதே பழக்கத்தில் 'டென் கோகனட்' என்று வரும். டென் கோகனட்ஸ் என்று எண்ணிக்கொண்டே சொல்ல வையுங்கள். ஆனால் அரிசி, மஞ்சள் மாதிரி எண்ணிச் சொல்லாத பொருளுக்கு எஸ் கிடையாது. ஈரோட்டு மண்டியில் மூட்டை மூட்டையாகக் கிடந்தாலும் அது டர்மரிக்தான்.

கடைசியாக வினைச்சொல். தமிழில் போகிறேன், போகிறான், போகிறார்கள் என்று ஆளுக்கொரு விகுதி. ஆங்கிலத்தில் ஐ, வீ, யூ, தே எல்லாவற்றுக்கும் கோதான். ஹீ, ஷீ, இட் வந்தால் மட்டும் கோஸ். 'தே' பலரைக் குறிப்பதால் பிள்ளைகள் எஸ்ஸை அங்கே ஒட்டிவிடுவார்கள். வீட்டு ஆட்களை வைத்தே சொல்லச் சொல்லுங்கள்: "மை மதர் வொர்க்ஸ் இன் எ பனியன் கம்பெனி." அப்பாவும் அங்கேயே வேலை என்றால், "தே வொர்க் இன் எ பனியன் கம்பெனி." எஸ் எங்கே போனது என்று பிள்ளையே சொல்லட்டும்.